வாளும் கேடயமும் சேர்ந்தால் என்ன லாபம்? டி அண்ட் டி பகடைக் கணக்கும் கொங்கு நாட்டுப் புலிகுத்திக் கல்லும்

ஆனைமலை அடிவாரத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடி. நான்கு நண்பர்கள், ஒரு பை நிறையப் பகடைகள், ஆளுக்கொரு தாள், பென்சில். கதைப்படி அவர்கள் நிற்பது மாடியில் இல்லை. டாப்சிலிப்புக்கு அந்தப் பக்கம் ஒரு இருட்டுக் காட்டில். எதிரே புலி. இப்படி ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம்.

"ரெண்டு கையிலயும் பெரிய வாளப் புடிச்சு ஒரே போடு போட்டுரலாம் மாப்ள."

"நீ போடுவ. அது திருப்பிப் போட்டா? மொதல்ல கேடயத்த எடுடா."

இந்த வாக்குவாதம் ஆனைமலையில் மட்டுமல்ல, உலகம் முழுக்க இந்த விளையாட்டை ஆடும் எல்லா மேசைகளிலும் நடப்பதுதான். இரண்டு கைக்கும் ஒரே பெரிய ஆயுதமா, இல்லை ஒரு கையில் வாள், மறு கையில் கேடயமா? விதிப்புத்தகம் என்ன சொல்கிறது, பகடைக் கணக்கு என்ன சொல்கிறது, நிஜமாகவே வாளும் கேடயமும் பிடித்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

இது என்ன விளையாட்டு?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்று இதற்குப் பெயர். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, வாயாலேயே கதையை நகர்த்தும் ஆட்டம். ஒருவர் கதை சொல்லி; காடு, ஊர், எதிரி எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்வார்கள். அது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

இந்த வகையின் தாய் விளையாட்டு 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', சுருக்கமாக டி அண்ட் டி. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி, 1974-ல் வெளியானது. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடர் பார்த்தவர்களுக்கு அதில் சிறுவர்கள் அறையில் உட்கார்ந்து ஆடுவது ஞாபகம் வரும். அதேதான். இப்போது பரவலாக ஆடப்படுவது 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பும், 2024-ல் வந்த அதன் திருத்தப்பட்ட வடிவமும். கீழே வரும் கணக்குகள் 2014 விதிப்படி போடப்பட்டவை. 2024-ல் மாறிய இடங்கள் தனியாகச் சொல்லப்பட்டிருக்கின்றன.

கேடயம் எடுத்தால் என்ன கிடைக்கும்?

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 'ஆர்மர் கிளாஸ்' என்று ஒரு எண் உண்டு. பேச்சில் ஏ.சி. என்பார்கள். நம்மை அடிக்க வருபவர் 20 பக்கப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு தன் தாக்குதல் திறனைக் கூட்டுவார். மொத்தம் நம் ஏ.சி.யைத் தொட்டால் அடி விழும். தொடாவிட்டால் தப்பித்தோம். அவ்ளோதான்.

சங்கிலிக் கவசம் போட்ட வீரனின் ஏ.சி. 16. கேடயம் எடுத்தால் 2 கூடி 18 ஆகும். விதிப்புத்தகத்தில் வரும் புலியின் தாக்குதல் திறன் 5. அதாவது கேடயம் இல்லாத வீரனை அடிக்க அது 11 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும். 20-ல் 10 வாய்ப்பு, சரிபாதி. கேடயத்தோடு நிற்பவனை அடிக்க 13 வேண்டும். 20-ல் 8 வாய்ப்பு, 40 சதவீதம். பத்து முறை பாய்ந்தால் ஐந்து அடிக்குப் பதில் நான்கு அடி. "இதுக்கா இவ்ளோ அலம்பல்?" என்று தோன்றலாம்.

ஆனால் இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதே வீரன் முழு இரும்புக் கவசம் போட்டிருந்தால் ஏ.சி. 18. கேடயத்தோடு 20. புலியின் வாய்ப்பு 40 சதவீதத்திலிருந்து 30 ஆகக் குறையும். குறைந்தது அதே 10 சதவீதம்தான், ஆனால் வாங்கும் அடியில் கால்வாசி போய்விட்டது. முதல் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இங்கே நான்கில் ஒரு பங்கு. ஏற்கெனவே நல்ல கவசம் போட்டிருப்பவனுக்குத்தான் கேடயம் அதிகம் உழைக்கும். 'எனக்குத்தான் கவசம் இருக்கே, கேடயம் எதுக்கு' என்பது புதிதாக ஆடுபவர்கள் பலர் செய்யும் தப்புக் கணக்கு.

சரி, எதை இழக்கிறோம்?

ஒரு கையை. அதாவது பெரிய ஆயுதத்தை. 'லாங்சோர்டு' எனப்படும் நீளவாளை ஒரு கையால் வீசினால் 8 பக்கப் பகடை, இரண்டு கையாலும் பிடித்தால் 10 பக்கப் பகடை. சராசரி பார்த்தால் 4.5, 5.5. வித்தியாசம் வெறும் ஒன்று. இந்த ஒன்றுக்காகக் கேடயத்தைக் கீழே போடுவது நஷ்ட வியாபாரம்.

'கிரேட்சோர்டு' எனப்படும் இருகைப் பெருவாள் வேறு கதை. இரண்டு 6 பக்கப் பகடை, சராசரி 7. இங்கேதான் 'சண்டைப் பாணி' என்ற விதி உள்ளே வருகிறது. போர்வீரன் பாத்திரம் தொடக்கத்திலேயே ஒரு பாணியைத் தேர்ந்தெடுக்கலாம். 'டூயலிங்' என்ற பாணி, ஒரே ஒரு கையாயுதம் மட்டும் பிடித்திருப்பவருக்கு ஒவ்வொரு அடியிலும் 2 கூட்டிக் கொடுக்கும். கேடயம் ஆயுதக் கணக்கில் வராது என்பதால் இந்த 2 வாள்-கேடய வீரனுக்கும் கிடைக்கும். பெருவாள்காரருக்கென்று உள்ள பாணி, பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் ஒரு முறை மறுபடி உருட்டிக்கொள்ளச் சொல்லும்.

இப்போது இருவரையும் அந்தப் புலியோடு மோத விடுவோம். புலியின் ஏ.சி. 12, உயிர்ப்புள்ளி 37. முதல் நிலை வீரனின் தாக்குதல் திறன் 5, உடல்பலக் கூடுதல் 3. இருவருக்குமே அடி விழும் வாய்ப்பு 70 சதவீதம்.

வாள்-கேடய வீரன்: 4.5, அதோடு 3, அதோடு 2, ஆக 9.5. அதில் 70 சதவீதம் என்றால் சுற்றுக்கு 6.65. புலி சாய 6 சுற்று ஆகும்.

பெருவாள் வீரன்: மறு உருட்டலோடு சேர்த்துச் சராசரி 11.3. அதில் 70 சதவீதம் சுமார் 7.9. புலி சாய 5 சுற்று.

புலியின் கடி ஒன்றுக்குச் சராசரி 8.5. பெருவாள்காரன் 5 சுற்றில் சுமார் 21 புள்ளி வாங்குவான். கேடயக்காரன் 6 சுற்றில் சுமார் 20. கிட்டத்தட்ட சமம்! சீக்கிரம் முடிப்பதால் ஒருவன் மிச்சப்படுத்துவதை, தடுப்பதால் இன்னொருவன் மிச்சப்படுத்துகிறான்.

இதில் யாரும் சொல்லாத ஒரு சங்கதி உண்டு. முதல் நிலை வீரனின் உயிர்ப்புள்ளியே சுமார் 12தான். அதாவது ஒத்தைக்கு ஒத்தை நின்றால் பெருவாள்காரன் மூன்றாம் சுற்றில் காலி. கேடயக்காரன் நான்காம் சுற்றில் காலி. இரண்டு பேருக்குமே கல் நடவேண்டியதுதான்.

கொங்கு நாட்டில் நிஜமாகவே அப்படி நட்டிருக்கிறார்கள்.

புலிகுத்திக் கல் என்பது என்ன?

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் பல ஊர்களில் இந்தக் கல்லைப் பார்க்கலாம். ஒரு ஆள் நிற்பார், எதிரே பின்னங்காலில் எழும்பி நிற்கும் புலி, அவர் கை ஆயுதம் அதன் உடம்பில் பாய்ந்திருக்கும். ஆடுமாட்டையும் ஊரையும் காக்கப் புலியோடு மோதி இறந்தவர்களுக்காக எழுப்பிய நினைவுக்கல் இது. சில ஊர்களில் யாருக்கு நட்டது என்பதே மறந்துபோய், சாமியாகக் கும்பிடுகிறார்கள்.

போரில் இறந்தவருக்குக் கல் நடும் வழக்கம் மிகப் பழையது. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி வாழ்த்துவது வரை ஆறு படிகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். 2006-ல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழி எழுத்து பொறித்த நடுகல்கள் கிடைத்தன. அவற்றில் உருவம் கிடையாது, எழுத்து மட்டும்தான். பிற்காலத்தில்தான் வீரனின் உருவம் வருகிறது. திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் அப்படிப்பட்ட கல்கள் ஏராளம். 'செங்கம் நடுகற்கள்' என்ற தொகுப்பைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1970-களிலேயே வெளியிட்டது.

ஆயுத ஆர்வலர்கள் அந்த உருவங்களின் கைகளைக் கவனிக்க வேண்டும். வலது கையில் வாள் அல்லது குறுவாள் இருக்கும். இடது கையில் பல கல்களில் இருப்பது வில், சிலவற்றில் கேடயம். மாடு பிடிச் சண்டையில் தூரத்தில் இருப்பவனுக்கு வில், கிட்டே வந்தவனுக்கு வாள். டி அண்ட் டி விதிப்படி இந்த வீரனால் ஒரே சுற்றில் வில்லைப் போட்டுவிட்டுக் கேடயத்தோடு வெட்டிவிட முடியாது. கேடயத்தை மாட்டவோ கழற்றவோ முழு ஒரு செயல், அதாவது அந்தச் சுற்றில் அடிக்கும் வாய்ப்பே, செலவாகிவிடும். கவசத்தை மாட்டுவது போலவே கேடயத்தை நினைத்து எழுதிய விதி இது.

புலிக்கு எதிரே கேடயம் உதவுமா என்பதும் யோசிக்க வேண்டிய கேள்வி. மனிதன் வாளால் வெட்டுவான், அதைத் தடுத்துவிடலாம். புலி மொத்த உடம்போடு மேலே விழும். விதிப்புத்தகப் புலிக்கும் அந்தப் பாய்ச்சல் உண்டு: 20 அடி நேராக ஓடிவந்து நகத்தால் அறைந்தால், எதிரி பலச் சோதனையில் தோற்றுக் கீழே விழுவார், விழுந்தவரை உடனே ஒரு கடி. ஏ.சி. 18 இருந்தாலும் கீழே விழுந்தவரைக் கிட்டே நின்று அடிப்பவர் இரண்டு பகடை உருட்டி நல்லதை எடுத்துக்கொள்வார். இந்த இடத்தில் ஈட்டியின் நீளம் கேடயத்தின் அகலத்தைவிடப் பெரிசு.

அப்படியானால் கேடயம் யாருக்கு?

பக்கத்தில் நிற்பவனுக்கு. கேடய வீரனின் உண்மையான பலம் ஒத்தையாக நிற்கும்போது தெரியாது; கூட்டத்தில்தான் தெரியும்.

'புரொடெக்ஷன்' என்று இன்னொரு சண்டைப் பாணி இருக்கிறது. கையில் கேடயம் இருந்தால்தான் செல்லும. 5 அடிக்குள் நிற்கும் நண்பரை யாராவது தாக்கும்போது, அதைக் கண்ணால் பார்க்க முடிந்தால், உங்கள் எதிர்வினையைச் செலவழித்துக் கேடயத்தைக் குறுக்கே நீட்டலாம். தாக்குபவர் இரண்டு பகடை உருட்டி மோசமானதை வைத்துக்கொள்ள வேண்டும். தோல் சட்டை மட்டும் போட்ட, ஏ.சி. 13 உள்ள ஒரு மந்திரவாதி நண்பரைப் புலி கடிக்கும் வாய்ப்பு 65 சதவீதம். கேடயம் குறுக்கே வந்தால் அது 42 ஆகிவிடும். உங்கள் சொந்த ஏ.சி.யில் 10 சதவீதம் குறைந்த இடத்தில், நண்பருக்கு 23 சதவீதம் குறைகிறது.

2014 விதியில் இது சுற்றுக்கு ஒரே ஒரு தாக்குதலுக்குத்தான். 2024 திருத்தத்தில், ஒரு முறை கேடயத்தை நீட்டினால் உங்கள் அடுத்த முறை வரும்வரை, நண்பர் பக்கத்திலேயே இருக்கும்வரை, அவர் மேல் வரும் எல்லாத் தாக்குதலுக்கும் பலன் நிற்கும். ஆடிப் பார்த்தவர்கள் இதைப் பெரிய முன்னேற்றம் என்பார்கள். நியாயம்தான். முன்பெல்லாம் இந்தப் பாணியை எடுத்தவர், கூட ஆடுபவர்களின் நன்றியைத் தவிர வேறெதையும் சம்பாதித்ததில்லை.

'ஷீல்டு மாஸ்டர்' என்ற சிறப்புத் தகுதியும் கவனிக்க வேண்டியது. கேடயத்தாலேயே எதிரியைத் தள்ளிக் கீழே விழவைக்கலாம். விழுந்தவனை உங்கள் நண்பர்கள் சூழ்ந்து அடிக்கும்போது அவர்களுக்குப் பாதி வாய்ப்பு இருந்த இடத்தில் முக்கால்வாசி வாய்ப்பு. தூரத்து வில்லாளிக்கு மட்டும் இது இடைஞ்சல். படுத்துக் கிடப்பவனைத் தூரத்திலிருந்து எய்வது கஷ்டம். "எதுக்குடா தள்ளி உட்ட? நான் குறி வெச்சிருந்தேன்ல!" என்ற சண்டை வராத மேசை இல்லை.

பெருவாள் பக்கமும் ஒரு சிறப்புத் தகுதி உண்டு. 2014-ல் அது தாக்குதல் திறனில் 5 குறைத்துக்கொண்டு அடியில் 10 கூட்டும். கைதேர்ந்த ஆட்டக்காரர்கள் பல வருடம் கேடயத்தை ஓரம் கட்டியதற்கு இந்த ஒரு விதிதான் காரணம். 2024-ல் அதன் பல்லைக் கொஞ்சம் பிடுங்கிவிட்டார்கள்.

இரண்டு கையும் போச்சு, பந்தத்தை யார் பிடிப்பது?

எண்களில் வராத விஷயம் இது. வலது கையில் வாள், இடது கையில் கேடயம். இருட்டுக் குகைக்குள் போக வேண்டும். தீப்பந்தத்தை எந்தக் கையில் பிடிப்பது? எதிரியைக் கட்டிப் பிடிக்க ஒரு கை காலியாக வேண்டும். கயிறு பிடித்து ஏற, கதவைத் திறக்க, மருந்துக் குப்பியை நண்பன் வாயில் ஊற்ற, எல்லாவற்றுக்கும் கை வேண்டும்.

மந்திரம் போடுபவர்களுக்குத் தலைவலி இன்னும் ஜாஸ்தி. பல மந்திரங்களுக்குக் கையசைவு அவசியம். பூசாரி, புனித வீரன் போன்ற பாத்திரங்கள் தங்கள் தெய்வச் சின்னத்தைக் கேடயத்தின் மேலேயே பொறித்துக்கொள்ளலாம் என்று விதி ஒரு வழி விட்டிருக்கிறது. பொருள் தேவைப்படும் மந்திரங்களுக்கு அது போதும். வெறும் கையசைவு மட்டும் கேட்கும் மந்திரத்துக்கு வாளை உறையில் போட வேண்டும், அல்லது 'வார் காஸ்டர்' என்ற தகுதி வேண்டும். பல கதை சொல்லிகள் "அட, விடுங்கப்பா" என்று இதைக் கண்டுகொள்வதில்லை. அதிலும் தப்பில்லை, எல்லோரும் ஒரே மாதிரி ஆடினால் சரி.

நிஜக் கேடயம் எப்படி வேலை செய்தது?

விளையாட்டில் கேடயம் என்பது கையில் இருந்தாலே 2 புள்ளி தரும் பொருள். நிஜத்தில் அது வாளைப் போலவே ஆட்டப்படும் இன்னொரு ஆயுதம்.

தமிழில் இதற்கு எத்தனை பெயர்கள் என்று பார்த்தாலே பாதி வரலாறு புரியும். கேடயம், கேடகம் தவிர தோல், பலகை, கிடுகு, பரிசை. தோலால் செய்தது தோல், மரத்தால் செய்தது பலகை. கிடுகு என்ற சொல் இன்றைக்கும் முடைந்த ஓலைத் தட்டியைக் குறிக்கிறது. பரிசை என்பதுதான் மலையாளத்தில் 'பரிச'. ஆனைமலையிலிருந்து மேற்கே பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் களரிகளில் 'வாளும் பரிசயும்' என்ற பயிற்சி இப்போதும் இருக்கிறது. சின்ன வட்டக் கேடயம், நேர் வாள், தாழ்ந்து பாயும் உடம்பு. அந்தப் பயிற்சியில் கேடயம் ஓரிடத்தில் நிற்பதே கிடையாது.

இந்தியாவின் வட்டக் கேடயமான 'டால்' பெரும்பாலும் எருமைத் தோலிலோ உலோகத்திலோ செய்தது. முன்பக்கம் நான்கு குமிழ்கள் அழகுக்கு இருப்பது போலத் தெரியும். அவற்றுக்குப் பின்னால்தான் கைப்பிடி வளையங்களைப் பொருத்தியிருப்பார்கள். இரண்டு வளையங்களையும் சேர்த்து முஷ்டியால் பிடிப்பார்கள், நடுவில் கை அடிபடாமல் ஒரு சின்ன மெத்தை. முன்கையில் கட்டாமல் முஷ்டியில் பிடிப்பதால் மணிக்கட்டைத் திருப்பினாலே கேடயம் திரும்பும். எதிரியின் வாளை வழுக்கி விடலாம், அவன் கண்ணை மறைக்கலாம், முகத்தில் ஒரு குத்தும் விடலாம்.

கேடயத்தின் வடிவம் சண்டை முறையைத் தீர்மானிக்கும் என்பதற்கு ரோம் நல்ல உதாரணம். ரோமானியக் காலாள் வீரன் உடம்பை மறைக்கும் நீளக் கேடயத்தையும், குட்டையான குத்துவாளையும் சேர்த்துப் பிடித்தான். கேடயத்துக்குப் பின்னால் ஒளிந்து நெருங்கிக் குத்தும் முறை அது. நீள வாள் இருந்தால் பக்கத்து வீரன் மேல் இடிக்கும். அந்தப் பேரரசின் நாணயங்கள் கோவை வெள்ளலூரில் குவியலாகக் கிடைத்தன என்பது தெரிந்த செய்தி. அதே காலத்தில் ஈரோடு மாவட்டம் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கினார்கள் என்பதை அகழாய்வு காட்டியிருக்கிறது. வாள் செய்யும் சரக்குக்குக் கொங்கு நாட்டில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

ஐரோப்பாவில் இன்று கிடைக்கும் மிகப் பழைய வாள்வித்தைக் கையேடு, சுமார் 700 ஆண்டுக்கு முந்தைய ஒரு ஜெர்மானியக் கையெழுத்துப் பிரதி. இங்கிலாந்தின் ராயல் ஆர்மரிஸ் அருங்காட்சியகத்தில் ஐ.33 என்ற எண்ணில் இருக்கிறது. அது முழுக்க முழுக்க வாளும் சின்னக் கேடயமும் பற்றியது. ஒரு பாதிரியார் மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்; கடைசியில் வால்புர்கிஸ் என்ற பெண்ணும் வாளோடு வருகிறார். அதில் கேடயம் உடம்பை மறைப்பதைவிட வாள் பிடித்த கையை மறைப்பதுதான் அதிகம். நீட்டிய கைதான் எதிரிக்கு முதலில் எட்டும் என்பது எளிமையான காரணம்.

நம் ஊர் ஆயுதம் ஒன்று இந்த இரண்டு கைச் சிக்கலையே ஒரு கையில் தீர்த்துவிட்டது. சிலம்ப ஆசான்கள் 'மான்கொம்பு' என்றும் 'மடு' என்றும் சொல்வது. இரண்டு மான் கொம்புகளை எதிரெதிர்த் திசையில் பொருத்தி, நடுவில் கைப்பிடி. சிலவற்றில் கைக்கு முன்னால் சின்னக் கேடயமும் இருக்கும். தடுப்பது, குத்துவது இரண்டும் ஒரே கையில். மறு கையில் தாராளமாக வாள் பிடிக்கலாம். டி அண்ட் டி விதிப்புத்தகத்தின் ஆயுதப் பட்டியலில் இது கிடையாது. கதை சொல்லி விரும்பினால் ஏ.சி.க்கு 1, குத்தினால் 4 பக்கப் பகடை என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்தின் சமநிலை கெடாது. இன்றைக்குப் பயிற்சிக்கு நிஜ மான் கொம்பு வேண்டாம், அது வன உயிரினச் சட்டப்படி குற்றம். உலோகத்தில் செய்ததைத்தான் பயன்படுத்த வேண்டும்.

சுருள்வாளோடு கேடயம் பிடிப்பதற்கு வேறு காரணமும் உண்டு. வளையும் அந்தப் பட்டைவாள் எதிரியை மட்டுமல்ல, வீசுபவரையும் பதம் பார்க்கும். அதனால்தான் அதைப் பாடத்தின் கடைசியில் வைக்கிறார்கள்.

கேடயம் உடைந்தால்?

டி அண்ட் டி-யில் சாதாரணமாக உடையாது. நிஜத்தில் கண்டிப்பாக உடையும். ஐஸ்லாந்தின் பழைய கதையொன்றில் வரும் விதிப்படி, இருவர் மோதும் ஒற்றைச் சண்டையில் ஆளுக்கு மூன்று கேடயம் கொடுப்பார்களாம். ஒன்று நொறுங்கினால் அடுத்தது.

இந்த உணர்வை விதியில் கொண்டுவந்தது 2019-ல் வெளியான 'பாத்ஃபைண்டர்' இரண்டாம் பதிப்பு. அதில் ஒரு சுற்றுக்கு மூன்று செயல்கள். கேடயத்தை உயர்த்த ஒரு செயலைச் செலவழித்தால்தான் அந்த 2 புள்ளி. சும்மா கையில் வைத்திருந்தால் பூஜ்யம். உயர்த்திய பிறகு அடி விழுந்தால் கேடயத்தைக் குறுக்கே கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். இரும்புக் கேடயத்தின் கெட்டித்தன்மை 5, ஆயுள் 20. 12 புள்ளி அடி வந்தால் 5 தடுக்கப்படும்; மிச்சம் 7 உங்களுக்கும் விழும், கேடயத்துக்கும் விழும். கேடயத்தின் ஆயுள் 13 ஆகும். அதே மாதிரி இன்னொரு அடி, 6. பத்துக்குக் கீழே போனால் கேடயம் சிதைந்தது, சரி பண்ணும்வரை உதவாது.

ஒவ்வொரு சுற்றும் 'மூன்றாவது முறை வெட்டலாமா, கேடயத்தை உயர்த்தலாமா' என்ற முடிவை எடுக்க வைப்பதால், வாள்-கேடயம் பிடிப்பவருக்கு இதுதான் சுவாரஸ்யமான விதி என்று தாராளமாகச் சொல்லலாம். கணக்கு அதிகம் என்பது குறை. பழைய பாணி ஆட்டக்காரர்கள் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள்: சாகடிக்கிற அடி விழும்போது "கேடயம் நொறுங்கட்டும்" என்று சொன்னால் அந்த அடி மொத்தமும் போச்சு, கேடயமும் போச்சு. டி அண்ட் டி-யில் புலியிடம் மாட்டிய நம் வீரனுக்கு இந்த ஒரு வீட்டு விதி கிடைத்தால் இன்னும் ஒரு சுற்று நிற்பான்.

நிஜ வாள் வாங்கலாமா?

விளையாட்டு சூடு பிடித்ததும் ஆன்லைனில் வாள் தேடுபவர்கள் உண்டு. பட்டாக்கத்தியில் பிறந்தநாள் கேக் வெட்டி, வீடியோ போட்டு, மறுநாள் காவல் நிலையத்தில் கைகட்டி நிற்கும் செய்தி தமிழ்நாட்டில் வாரா வாரம் வருவதுதான். 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் வாள், குத்துவாள், ஈட்டி எல்லாம் உண்டு; 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு கொண்ட கத்திகளும் அதில் வரும். வீட்டு உபயோகம், விவசாயம் போன்றவற்றுக்கென்றே செய்த கருவிகளுக்கு விலக்கு இருக்கிறது. தென்னந்தோப்பில் கொடுவாள் வைத்திருப்பதும், அதைத் தூக்கிக்கொண்டு ரீல்ஸ் எடுப்பதும் ஒன்றல்ல. மேசை விளையாட்டுக்கு அட்டையும் பகடையும் போதும். உடம்பால் ஆடிப் பார்க்க ஆசை இருந்தால் அருகிலுள்ள சிலம்பக் கூடத்துக்குப் போய் ஆசானிடம் கேட்பதே வழி. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது.

தமிழிலேயே ஆட முடியுமா?

முடியும், சட்டப்படியே. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள். திருத்தப்பட்ட விதிகளின் தொகுப்பும் 2025-ல் அதே உரிமத்தில் வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். 2023 தொகுப்பில் கேடயத்தின் 2 புள்ளியும், டூயலிங், புரொடெக்ஷன் பாணிகளும் இருக்கின்றன. ஷீல்டு மாஸ்டர், வார் காஸ்டர் இரண்டும் அதில் கிடையாது. அவற்றுக்கு விலை கொடுத்து வாங்கும் புத்தகம்தான்.

கதைக்கும் வெளியே தேட வேண்டியதில்லை. 2022-ல் டி அண்ட் டி நிறுவனமே வெளியிட்ட 'ரேடியன்ட் சிட்டாடல்' தொகுப்பில், எழுத்தாளர் மிமி மொண்டல் வங்காளத்துச் சாயலில் ஒரு சாகசம் எழுதியிருக்கிறார். கொங்கு நாட்டுக்கு அண்ணமார் கதை இருக்கிறது. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி, வயலை அழிக்கும் கொம்பன் என்ற ராட்சதக் காட்டுப்பன்றி. உடுக்கடித்து இரவிரவாகப் பாடப்படும் இந்தக் கதையை, கனடிய ஆய்வாளர் பிரெண்டா பெக் 1960-களில் கொங்கு நாட்டுக் கிராமத்தில் தங்கிப் பதிவு செய்தார். விதிப்புத்தகத்தில் 'ஜயன்ட் போர்' என்ற ராட்சதப் பன்றி ஏற்கெனவே இருக்கிறது: ஏ.சி. 12, உயிர்ப்புள்ளி 42, தாக்குதல் திறன் 5. அந்தப் பகுதி இலவசத் தொகுப்பிலும் உண்டு. முதல் நிலை ஆட்கள் நான்கு பேர் போனால், கேடயத்தோடு ஒருவர், ஈட்டியோடு ஒருவர், வில்லோடு ஒருவர், பந்தம் பிடிக்க ஒருவர் என்று பிரித்துக்கொள்ளலாம். கேடயக்காரர் பந்தம் பிடிப்பவரிடமிருந்து 5 அடிக்கு மேல் விலகக் கூடாது.